அம்மாவுக்கு எந்தத் தூண்

கொத்தனாரின் அம்மா ஊரைவிட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அவருக்கு அப்போது ஒன்பது வயது. பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் உப்பி, தாடையிலிருந்து உச்சந்தலை வரை துணியைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று தங்கச்சியை அந்த அறைக்குள் விடவில்லை. நாலு வயசுக்காரி கதவிடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு, "அண்ணா, வாயைத் திற பார்க்கலாம், வாயைத் திற" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அவரால் திறக்க முடியாது என்பது அவளுக்கு அந்த வாரத்தின் பெரிய வேடிக்கை.

வெயில் ஏறும் நேரத்தில் மாமா ஓடிவந்தார். அம்மாவின் அண்ணன். மேட்டுத் தெருவில் அவர் கால் வைத்தே பல மாதம் ஆகியிருந்தது. நடுவீட்டில் மூச்சு வாங்க நின்று, "பாலத்தை மத்தியானம் மூடப்போறாங்க. ஆத்துப்பக்கத்துப் பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாரும் லாரியில ஏறியாச்சு. நீயும் கிளம்பு" என்றார்.

"நான் மேட்டுக்கு வாழ வந்து பத்து வருஷமாச்சு. என்னை யாரு என்ன பண்ணப்போறாங்க?"

"அதை உன்கிட்ட கேட்டுட்டா பண்ணுவாங்க?"

அந்த ஊரில் ஆற்றுப்பக்கம் என்றும் மேட்டுப்பக்கம் என்றும் இரண்டு இனத்தார். ஒரே சந்தையில் சாமான் வாங்கினார்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினார்கள். கல்யாணம் என்று வந்தால் மட்டும் பாலத்தைத் தாண்டுவதில்லை. கொத்தனாரின் அப்பா தாண்டியவர். குழாய் ரிப்பேருக்கு ஆற்றுப்பக்கம் போனவர் ஒரு பெண்ணோடு திரும்பி வந்தார் என்று ஊர் பல காலம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அந்த வருஷம்தான் நின்றிருந்தது.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரெண்டு மூணு நாள்தானே. சின்னவளைக் கூட்டிக்கிட்டுப் போ. இவனை லாரியில ஏத்த மாட்டாங்க, மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும். நான் பார்த்துக்கறேன்."

"உங்களுக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதே."

"கத்துக்கறேன்."

அம்மா அறைக்குள் வந்து குனிந்து, வீங்கின கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். "வீக்கம் வடியறதுக்குள்ள வந்துடுவேன். அடுப்புல உருளைக்கிழங்கு வேகுது. வெந்ததும் இறக்கச் சொல்லு அப்பாவை. அவரா பார்க்க மாட்டார்." அவ்வளவுதான். பிறகு ஜன்னல் வழியாகத் தங்கச்சியின் தலை மட்டும் மாமாவின் தோள்மேல் ஆடி ஆடிப் போவது தெரிந்தது.

வாயைத் திறந்து கூப்பிட முடியாததால் அவர் அப்பாவிடம் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு தீய்ந்துபோனது. அந்த நாற்றம் வீட்டைவிட்டுப் போக ஒரு வாரம் ஆயிற்று. வீக்கம் அதற்கு முன்பே வடிந்துவிட்டது.

*

அன்று மாலையிலிருந்து ஆற்றுப்பக்கத்தில் அரசாங்கப் படை வீடு வீடாகப் போனது. எந்த வீடு, எந்தக் கதவு என்று காட்டிக்கொடுக்க மேட்டிலிருந்து ஆட்கள் போனார்கள். ஆண்களைக் கரைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு வாரத்தில் ஆற்றுப்பக்கத்தில் பெரிய ஆண்பிள்ளை என்று ஒருவர் மிச்சமில்லை. லாரிகளில் ஒன்று மலைச்சாலையில் எரிந்துபோனதாகச் செய்தி வந்தது. எந்த லாரி என்று சொல்ல ஆளில்லை.

அடுத்த வருஷம் ஆற்றுப்பக்கத்து இனத்தாரின் எதிர்ப்படை ஊரைப் பிடித்தது. குண்டு முதலில் மேட்டின்மேல் விழுந்தது, பிறகு ஆட்கள் வந்தார்கள். காட்டிக்கொடுத்தவன், காட்டிக்கொடுக்காதவன் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. தெருவிலிருந்து பிடித்த ஆண்களைப் பள்ளிக்கூடச் சுவரோரம் நிறுத்தினார்கள். கொத்தனாரின் அப்பா குழாய் ஸ்பானரோடு நின்றார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பத்து வயதில் அநாதையானவரைக் கல்பட்டறைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். சோறு போட்டார், உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார், அதிகம் பேசவில்லை. பட்டறையில் பேச்சுக்குத் தேவையும் இல்லை. இடிந்த ஊரில் கல்வேலைக்குப் பஞ்சமா? இருபது வயதுக்குள் அவர் சுவரும் கட்டுவார், எழுத்தும் வெட்டுவார், கலவைக்கு எவ்வளவு தண்ணீர் என்று கண்ணால் சொல்வார். கல்யாணம் வெளியூரில் செய்துகொண்டார். வேண்டுமென்றேதான். பெண் பார்க்கப் போன இடத்தில், "நீங்க ஆறா மேடா?" என்று கேட்காத முதல் பெண் அவள். "வெத்திலை மாதிரி மெலிஞ்சிருக்கீங்களே, சாப்பிடறது உண்டா?" என்று மட்டும் கேட்டாள்.

*

முதல் தூணை ஆற்றுப்பக்கத்தார்தான் எழுப்பினார்கள். பாலத்தின் வாயில், ரோட்டுக்கு இடப்பக்கம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, நாலு முகம், நாலு முகத்திலும் பெயர்கள். கட்டியவர் கொத்தனார். அடுத்த வருஷம் மேட்டுப்பக்கத்தார் ரோட்டுக்கு வலப்பக்கம் ஒன்று எழுப்பினார்கள். அதையும் கட்டியவர் அவரே. அதில் தன் அப்பாவின் பெயரைத் தானே வெட்டினார். வெட்டி முடித்து ஊதினபோது கல்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்.

மேட்டுத் தூண் ஆற்றுத் தூணைவிட ஒரு சாண் உயரமாகிப்போனது. அது யாருடைய சதியும் இல்லை, ரோடு அந்தப் பக்கம் சற்று மேடு. ஆனால் ஆற்றுப்பக்கக் கமிட்டியின் தலைவி, மருந்துக்கடைக்காரம்மா, அடுத்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டாள். அவளுக்கு அப்பா, மூன்று அண்ணன்மார், எல்லாரும் கரையில் போனவர்கள். கடையில் மாத்திரையை எண்ணிப் போட்டுக்கொண்டே பேசுவாள்.

"அண்ணே, நம்மது குட்டையா தெரியுது."

"அது ரோடு வாட்டம்மா."

"வாட்டமோ கோணலோ. பஸ்ஸுல வர்றவங்க கண்ணுக்கு எது பெருசா தெரியுதோ, அதுதான் பெரிய சாவு. ஒரு வரிசை ஏத்துங்க."

உச்சிக்கல்லைக் கழற்றி, ஒரு வரிசை கல் வைத்து, உச்சிக்கல்லை மறுபடி பொருத்த நாலைந்து நாள் பிடிக்கும். அவர் ஏற்றினார். அடுத்த நினைவு நாளுக்கு முன்னால் மேட்டுக் கமிட்டித் தலைவர், பள்ளிக்கூட வாத்தியார், சாரத்தின் அடியில் வந்து நின்றார். பள்ளிக்கூடச் சுவரோரம் அவருடைய இரட்டைச் சகோதரன் நின்றான். வாத்தியார் அன்று பல்வலிக்கு மருந்து வாங்கப் போயிருந்ததால் பிழைத்தார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சவரம் செய்ய முடியாது என்று தாடி வளர்த்துக்கொண்டவர்.

"தம்பி, அவங்கது இப்போ எவ்வளவு உயரம்?"

"ஏறிப் பாருங்க சார்."

"கிண்டல் பண்ணாதே. எவ்வளவா இருந்தாலும் நம்மது அதுக்கு ஒரு வரிசை மேலே."

இப்படியே முப்பது வருஷம். ஊரில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், கடைகள் கைமாறின, இரண்டு தூண்களும் மாறி மாறி வளர்ந்தன. வண்டிக்காரர்கள் கொத்தனாரைப் பார்த்தால், "என்னண்ணே, இந்த வருஷம் யாரு ஜெயிக்கறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வெளியூர்ப் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவந்து காட்டினார்கள். ஒரு தடவை ஒரு சின்னப் பெண் தன் டீச்சரிடம், "மிஸ், இதுல எது நிஜமான துக்கம்?" என்று கேட்டாள். டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

வார்த்தையிலும் போட்டி இருந்தது. ஆற்றுத் தூணின் நெற்றியில் 'இனப்படுகொலை' என்று வெட்டியிருந்தது. மேட்டுத் தூணில் 'போர்க்காலத் துயரம்' என்று இருந்ததை வாத்தியார் செதுக்கி எடுக்கச்சொல்லி, ஆற்றுத் தூணில் இருந்த அதே வார்த்தையை அதைவிடப் பெரிய எழுத்தில் வெட்டச்சொன்னார். மருந்துக்கடைக்காரம்மா நடுரோட்டில் நின்று அழுதாள். "எங்களைக் கதவு கதவா தட்டித் தேடிக் கொன்னாங்கடா. நீங்க செத்தது கோவத்துல. ரெண்டும் ஒண்ணா?" என்றாள்.

ஒன்று என்று கொத்தனார் ஒருநாளும் சொன்னதில்லை. ஒன்றில்லை என்பது அவருக்குத் தெரியும். ஓர் இனத்தையே இல்லாமல் ஆக்குவதென்று உட்கார்ந்து முடிவுசெய்து புறப்படுவது வேறு, வெறி பிடித்துத் திரும்பிவந்து அடிப்பது வேறு. அதைப் புத்தகம் எழுதுகிறவர்கள் பிரித்துச் சொல்லட்டும், சொல்லத்தான் வேண்டும். ஆனால் சுவரோரம் நின்ற அப்பாவிடம் போய், உங்களுடையது இரண்டாந்தரம் என்று எப்படிச் சொல்வது?

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் பெயரும் தங்கச்சியின் பெயரும் ஏதாவது ஒரு கல்லில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசை ஏற்றும்போதும் கேட்டார்.

காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்துக்கு அவர் எழுதாத வருஷம் கிடையாது. கணவர் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர், ஊர், வயது எல்லாம் கொடுத்திருந்தார். 'தகவல் இல்லை' என்று அதே மாதிரி பதில் வந்தது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? அப்பாவின் நினைவு நாளில் மேட்டுத் தூணடியில் நிற்கலாம். ஆற்றுத் தூணின் நாளில் அவர் சாரத்தைப் பிரிப்பதுபோல, கல்லைக் கழுவுவதுபோல ஓரமாக நிற்பார். வேலைக்காரன் நிற்பதை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

மருந்துக்கடைக்காரம்மா சொல்வாள்: "உங்கம்மா எங்க பொண்ணுதான் அண்ணே, இல்லேங்கல. ஆனா வாக்கப்பட்டுப் போனது மேட்டுக்கு. செத்ததைப் பார்த்தவங்களும் இல்ல. எங்க கல்லுல ஒரு பேரு தப்பா இருந்தா, எல்லாமே பொய்யினு அவங்க சொல்லிடுவாங்க."

வாத்தியார் சொல்வார்: "இந்தக் கல்லுல இருக்கறவங்களைக் கொன்னது யாரு? ஆத்துப்பக்கம். அவங்க வீட்டுப் பொண்ணை இதுலயே ஏத்தினா, இவங்க ஆவி நிம்மதியா இருக்குமா? நீயே சொல்லு தம்பி."

அவர் அண்ணாந்து தூணைப் பார்ப்பார். உச்சிக்கல்லை ஏற்ற ஆள் வேண்டும், கயிறு வேண்டும் என்பார்.

உளியும் கையும் தன்னுடையதாக இருக்க, ஒரு மத்தியானம் யாரும் பார்க்காதபோது வெட்டிவிட்டுப் போகலாமே என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "திருட்டுத்தனமா வெச்ச பேருக்கு யாரு பூ வைப்பாங்க?" என்றார்.

*

தூண்கள் மின்கம்பியை எட்டியபோது நகராட்சி விழித்துக்கொண்டது. இனி ஒரு கல்கூட ஏற்றக் கூடாது என்று இரண்டு கமிட்டிக்கும் நோட்டீஸ் வந்தது. ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டது. ஆனால் உயரத்தில் முடியாததை எண்ணிக்கையில் காட்டலாம் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. தலைநகரில் புதிதாக ஒரு நினைவு மண்டபம் கட்டப்போகிறார்கள், ஒவ்வொரு ஊர்த் தூணிலும் இருக்கும் பெயர்களை எண்ணித்தான் இடம் ஒதுக்குவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை.

அவ்வளவுதான். சண்டைக் காலத்தில் காய்ச்சலில் செத்தவர்கள் கல்லேறினார்கள். செய்தி கேட்டு மாரடைத்தவர்கள் ஏறினார்கள். பிறக்காத பிள்ளைகளை எண்ணலாமா என்று ஒரு கூட்டம் போட்டு விடியவிடியப் பேசினார்கள். கொத்தனாருக்கு உளியைக் கீழே வைக்க நேரமில்லை.

ஒரு திங்கட்கிழமை மருந்துக்கடைக்காரம்மா வீடு தேடி வந்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அம்மா விஷயமா யோசிச்சோம். எங்க பொண்ணுதானே. எங்க லாரியிலதானே போனாங்க. கூடவே சின்னப் பொண்ணு. ரெண்டு பேரையும் ஏத்திடலாம்."

"பார்த்தவங்க வேணும்னீங்களே?"

"பார்த்தவங்கல்லாம் செத்தாச்சு. இனி யாரைக் கேக்கறது?"

புதன்கிழமை வாத்தியார் வந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"தம்பி, நான் பழசை எல்லாம் நினைச்சுப் பார்த்தேன். உங்கம்மா மேட்டு மருமக. நம்ம தெருவுலதானே குடித்தனம் பண்ணினாங்க? எங்க வீட்டுக்குக்கூட ஒருதரம் வந்து அரிவாள்மணை வாங்கிட்டுப் போயிருக்காங்க. புருஷன் பேருக்குக் கீழ அவங்க பேரு இருக்கறதுதானே முறை?"

"அவங்க ஆவி நிம்மதியா இருக்குமான்னு கேட்டீங்களே சார்?"

"அதெல்லாம் அப்ப பேசினது."

வாத்தியார் போன பிறகு மனைவி டம்ளரைக் கழுவி வைத்தாள். "முப்பது வருஷமா அவங்க வாசல்ல நீங்க நின்னீங்க. இப்ப உங்க வாசல்ல அவங்க நிக்கறாங்க. உங்கம்மாவுக்குக் கிராக்கி வந்துடுச்சு."

"வாயை மூடு."

"மூடறேன். நீங்க எதுல வெட்டப்போறீங்க?"

அதற்குப் பிறகு அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மேட்டுத் தூணில் வெட்டினால் அப்பாவின் பக்கத்தில் இருப்பாள். ஆனால் அவளை ஊரைவிட்டு ஓடவைத்தவர்கள், எங்கள் இழப்பில் இவளும் ஒருத்தி என்று எண்ணிக்கொள்வார்கள். ஆற்றுத் தூணில் வெட்டினால் அவளுடைய அப்பா, சித்தப்பா எல்லாரும் இருக்கும் கல். ஆனால் அப்பாவைச் சுவரோரம் நிறுத்தியவர்களின் துக்கத்துக்கு அவள் சாட்சியாகிவிடுவாள். இப்படித் திருப்பினால் ஒரு பக்கம் வலித்தது, அப்படித் திருப்பினால் மறுபக்கம் வலித்தது. குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அம்மாவிடமே கேட்டுப் பார்த்தார். அம்மா உருளைக்கிழங்கை இறக்கச் சொன்னதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேருக்கும் சொல்லியனுப்பினார். நாளைக்கு வெட்டுகிறேன்.

*

ஞாயிறு காலை ஆற்றுத் தூணின் முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்தார். பென்சிலால் கோடு போட்டு, எழுத்தை வரைந்து, வெட்டத் தொடங்கினார். அம்மாவின் பெயர் சரசரவென்று வந்தது. அத்தனை வருஷம் மனசுக்குள் வெட்டிப் பழகிய பெயர். தங்கச்சியின் பெயரில் முதல் எழுத்து முடிந்ததும் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர்கள் போனவர்கள். இந்த எழுத்துகள் முடிந்தால் செத்தவர்கள். அதைச் செய்வது எந்தப் படையும் இல்லை, தன் கை. பிறகு முடித்தார்.

மருந்துக்கடைக்காரம்மா வந்து எழுத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். தன் அண்ணன்மார் பெயர்களையும் அவள் அப்படித்தான் தடவினாள். "நல்லா வந்திருக்கு அண்ணே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, அதில் கணக்கு எதுவும் இல்லை.

கொத்தனார் சாக்கைச் சுருட்டினார், சுத்தியலை எடுத்துக்கொண்டார், ரோட்டைத் தாண்டினார். மேட்டுத் தூணின் முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்தார்.

அவர் பென்சிலால் கோடு போடும்வரை யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. வெட்டுச் சத்தம் கேட்டதும்தான் மருந்துக்கடைக்காரம்மா ரோட்டுக்கு ஓடிவந்தாள். அதற்குள் இந்தப் பக்கம் வாத்தியாரும் வந்துவிட்டார். எத்தனையோ வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தவர்கள், நடுரோட்டில் எதிரும் புதிருமாக நின்றார்கள்.

"இந்தாளு என்ன பண்றாரு? எங்களுதுல வெட்டியாச்சே!" என்றாள் அவள்.

"உங்களுதுல எதுக்கு வெட்டினான்? எங்க மருமகளை!"

"எங்க பொண்ணுய்யா அது!"

"ஒருத்தி ரெண்டு தடவை சாக முடியுமாம்மா? எந்த ஊர் நியாயம் இது?"

பஸ் நின்றது. பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கினார்கள். நாலைந்து பேர் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். ஒரு வண்டிக்காரன், "அண்ணே, மேட்ச் டிராவா?" என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கொத்தனாரின் சுத்தியலைப் பிடுங்கப் பார்த்தார்.

கொத்தனார் எழுந்திருக்கவில்லை. "எங்கம்மா ஆத்துப்பக்கத்துப் பொண்ணுன்னு இவங்க வீட்டுக்கு வந்து சொன்னாங்க. மேட்டு மருமகன்னு நீங்க வீட்டுக்கு வந்து சொன்னீங்க. ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான். நான் ரெண்டு பேர் பேச்சையும் கேட்டேன்" என்றார். பிறகு குனிந்து தங்கச்சியின் பெயரைத் தொடங்கினார். இந்தத் தடவையும் முதல் எழுத்துக்குப் பிறகு கை நின்றது. சுற்றி இருந்தவர்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். அவர் அதையும் முடித்தார்.

இரண்டு பக்கமும் ஒரே அளவு கூடினால், பழைய வித்தியாசம் பழையபடிதான். அது புரிந்ததும் இரண்டு கமிட்டிக்கும் கோபம் தாங்கவில்லை. பெயரைச் செதுக்கி எடுக்க வேண்டும் என்று இரண்டு கூட்டத்திலும் முடிவாயிற்று. ஆனால் முதலில் யார் எடுப்பது? அவர்கள் எடுக்கட்டும், பிறகு நாம் எடுக்கலாம் என்று இவர்களும், இவர்கள் எடுக்கட்டும் என்று அவர்களும் இருந்தார்கள். முதலில் எடுக்கிறவருக்கு எண்ணிக்கையில் இரண்டு குறையுமே. அப்படியே பெயர்கள் இரண்டு கல்லிலும் தங்கிவிட்டன.

கொத்தனாருக்குத்தான் வேலை போயிற்று. ஊருக்குள் யாரும் ஒரு படிக்கட்டு பூசக்கூடக் கூப்பிடவில்லை. பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போய்க் கழிவறைச் சுவர் கட்டினார். திரும்பும்போது பாலத்து வாயில் இறங்கி, ஒரு நாள் இடது பக்கமும் ஒரு நாள் வலது பக்கமும் நிற்பார். நிற்க இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நிம்மதி கிடைக்கும் என்று நினைத்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது.

"முன்னெல்லாம் கனவுல லாரியில போய்க்கிட்டே இருப்பாங்க" என்று ஒரு நாள் மனைவியிடம் சொன்னார். "இப்ப வர்றதே இல்ல. அவசரப்பட்டுட்டேனோன்னு இருக்கு."

"ஐம்பது வருஷம் கழிச்சு அவசரமா?" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த சிமெண்டுப் பொருக்கை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.

*

இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் மருந்துக்கடைக்காரம்மா மறுபடி வாசலில் நின்றாள். சண்டைக்குப் பிறகு கொத்தனாரோடு அவள் பேசியதில்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"எங்க தூண்ல ஒரு பேரைக் குறைக்க வேண்டியிருக்கு" என்றாள். குரலில் சண்டை இல்லை. "அவங்க தூண்லயும்தான். வாத்தியார்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டுத்தான் வர்றேன். அவரு வாசல்படியிலயே உட்கார்ந்துட்டாரு."

"என்னம்மா சொல்றீங்க?"

"வெளிநாட்டுல இருக்கற எங்காளுங்க, நம்ம சண்டைப் படத்தைப் போன்ல கைமாத்திக் கைமாத்திப் பார்த்திருக்காங்க. அங்கிருந்து என் நம்பரைத் தேடிப் பிடிச்சு ஒரு குரல் பதிவாகி வந்திருக்கு. யாருன்னு தெரியாம நான் முழுசும் கேட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க. எனக்கு வந்தது இல்ல அது."

போனை மேஜைமேல் வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பெண் குரல், வயதான குரல், பேசியது.

"அண்ணா... அப்படிக் கூப்பிடலாமான்னு தெரியல, உங்க முகம் எனக்கு ஞாபகம் இல்ல. படத்துல குனிஞ்சு உட்கார்ந்திருக்கறவர் நீங்கதான்னு சொல்றாங்க. என் பையன்தான் காட்டினான், எங்கேயோ கல்லுக்குச் சண்டை போடறாங்க பாருங்கம்மான்னு. நான் பெருசு பண்ணிப் பார்த்தேன். அம்மா பேரு. அதுக்குக் கீழ என் பேரு.

நாங்க போன லாரி எரியல. பின்னாடி வந்ததுதான் எரிஞ்சது, மாமா அதுலதான் இருந்தாரு. எல்லையில பேரு கேட்டப்போ அம்மா நம்ம அப்பா பேரைச் சொல்லல. மேட்டுக்காரர் பொண்டாட்டின்னு தெரிஞ்சா அந்த முகாம்ல எங்களை விட்டுவெச்சிருக்க மாட்டாங்க. தாத்தா பேரைச் சொல்லிட்டாங்க. நீங்க எங்களைத் தேடியிருந்தாலும் அதனாலதான் கிடைச்சிருக்க மாட்டோம். அம்மா எழுதின கடிதாசியெல்லாம், அப்படி ஒரு தெருவே இல்லேன்னு திரும்பி வந்துச்சு.

இங்கயும் வருஷா வருஷம் பேரு வாசிப்பாங்க அண்ணா. எந்த வீட்டுல அதிகம்னு இங்கயும் பேசிப்பாங்க. ஊர்ல விட்டுட்டு வந்த பையன் பேரைக் கொடுங்க, சேர்த்து வாசிக்கறோம்னு அம்மாகிட்ட எத்தனையோ தரம் கேட்டாங்க. அம்மா கொடுக்கவே இல்ல. அவன் பேரை வாசிச்சா நான் எழுந்து வீட்டுக்குப் போயிடுவேம்பாங்க. அந்தக் கூட்டத்துல அவங்களை முன்வரிசையில உட்கார வைக்க மாட்டாங்க, இழந்தவங்களுக்குத்தான் முன்வரிசை. அம்மா கடைசி வரைக்கும் பின்னாடியேதான் உட்கார்ந்தாங்க.

அம்மா போயி நாலு வருஷம் ஆகுது. இந்தப் படம் அதுக்கு முன்னாடி வந்திருந்தா பார்த்திருப்பாங்க. உயிரோட இருக்கறவளைக் கல்லுல ஏத்திட்டானேன்னு உங்களை நல்லாத் திட்டியிருப்பாங்க.

அம்மா பேரு இருக்கட்டும், இப்ப அது சரிதான். என் பேரை மட்டும் எடுத்துடுங்க. இல்ல, இப்ப எடுக்காதீங்க, நான் வந்து ஒருதரம் பார்த்துக்கறேன். ரெண்டு கல்லுலயும் இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா? முதல்ல எதுல வெட்டினீங்க? சும்மாதான் கேக்கறேன். இல்ல... வேணாம் அண்ணா. அதைச் சொல்லாதீங்க."